வாயைத் திற, காதை அளக்க வேண்டும்

முதல் அச்சு எடுத்தபோது
வாயை மூடி உட்கார்ந்திருந்தேன்,
நல்ல பிள்ளையாக.
வூச் நகரம், டிராம் கிரீச்சிட்டுத் திரும்பும் மூலை, இரண்டாம் மாடி.
அதுதான் தப்பு என்கிறாள் போஜெனா, இப்போது.
"நீ என்ன, வாயை மூடிக்கொண்டா பாடுகிறாய்?"

பத்து நாளில் தபாலில் வந்தன.
புகைநிற அக்ரிலிக்,
இடதில் நீலப் புள்ளி, வலதில் சிவப்பு.
இரண்டு மாதச் சம்பாத்தியம், சுண்டுவிரல் நுனி அளவுக்கு.
திருகிச் செருகினேன்,
உலகம் கதவைச் சாத்திக்கொண்டது.
எச்சில் இறங்கும் ஓசை.
பூட்ஸின் ஒவ்வொரு அடியும் மண்டைக்குள்.
ஒரு காதில் வாங்கி மறு காதில் விடலாமென்றால்
இரண்டுக்கும் அடைப்பு.

மேடையில்தான் தெரிந்தது.
உச்சத்துக்கு வாய் திறந்தால்
தாடை இறங்கும்,
இடது காதில் மயிரிழை விலகும்.
அவ்வளவுதான், பேஸ் கிடார் மெலிந்துவிடும்.
மூன்றாவது பாட்டில் சுத்தமாக இல்லை.
மற்றதெல்லாம் இருக்கும்:
தகர டப்பாவாக சிம்பல்,
ஊசி ஊசியாக என் குரல்,
தரை மட்டும் இல்லாத வீடு.

ஒலி பார்க்கும் வித்தோல்ட் மூன்று டெசிபல் ஏற்றினான்.
அப்புறம் ஐந்து.
அப்புறம் கையை எடுத்துவிட்டான்:
ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றுவது?

பேஸ் வாசிப்பவன் ராடெக்.
பதினோரு வருஷம் என் கணவன்,
இரண்டு வருஷமாக இல்லை.
வேனில் அவன் முன் இருக்கை, நான் கடைசி.
"நான் உச்சத்துக்குப் போனால் நீ காணாமல் போய்விடுகிறாய்"
என்று மைக்கில், எல்லாருக்கும் கேட்க,
சொல்லித் தொலைத்தேன் ஒருநாள்.
டிரம்ஸ்காரன் குனிந்து ஷூ நாடா கட்டினான்.
அவன் ஷூவில் நாடாவே கிடையாது.

மறுபடியும் போஜெனா.
விளக்கடித்துப் பார்த்தாள்,
நூல் கட்டிய பஞ்சை இரண்டாம் வளைவு தாண்டி அனுப்பினாள்.
அங்கே தொட்டால் எனக்கு இருமல் வரும்;
இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.
பல்லுக்கிடையில் ஒரு கட்டை.
குளிர்ந்த ரோஜாநிறக் களிம்பு
காதுக்குள் மெல்ல நிரம்பி
டிராமை அழித்தது, தெருவை, கடைசியில் அவளை.
ஐந்து நிமிடம்
கத்தப்போகிறவள் மாதிரி, கத்தாமல்.
எச்சில் வழிந்தது,
காகிதத்தால் துடைத்துவிட்டாள்.

பழைய அச்சையும் புதியதையும்
மேசைமேல் சேர்த்து வைத்தாள்.
சும்மா இருக்கும் என் காது,
பாடும் என் காது.
ஒரே ஆளுடையவை என்றால்
எந்த கோர்ட்டும் நம்பாது.

கதான்ஸ்க், பழைய கப்பல் பட்டறை, நவம்பர்.
இரண்டாவது பாட்டிலேயே தாடை இறங்கியது,
இடது காது பிடியை விடவில்லை.
பேஸ் இருந்தது,
ஈரக் கயிறு போலக் கனமாக,
கழுத்தெலும்பைத் தொட்டுக்கொண்டு.
சிரிப்பு வந்துவிட்டது, ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன்.

மூன்றாவது பாட்டு.
வந்தது அந்த இடம்.

பேஸ் இல்லை.

கையை உயர்த்தினேன்.
வித்தோல்ட் மீட்டரைக் காட்டினான்:
அந்தக் கம்பத்தில் விளக்கே எரியவில்லை.
பாடிக்கொண்டே திரும்பினேன்.
ராடெக் நான்கு கம்பிகளின்மேலும்
உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்றான்,
கண் மூடி, உதடு மட்டும் அசைய,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
பிறகு கையை விட்டான்.
தரை வந்தது.

பாட்டு கட்டிய நாளிலிருந்தா,
கோர்ட்டுக்குப் போன நாளிலிருந்தா?
பழுதான காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பின்கட்டில் பீப்பாய்மேல் உட்கார்ந்து
குட்டி பிரஷ்ஷால் குறும்பி தள்ளிக்கொண்டிருந்தேன்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
"பொருந்திவிட்டதா?"
"ம்."
"இடதுமா?"
"இடதும்."
"அப்படியானால் கேட்டிருக்கும்," என்றான்,
எல்லாப் பைகளிலும் வேன் சாவியைத் தேடியபடி.